ஃபேனை மாற்றும் முன்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. பாப்பா பிளஸ் டூ முடித்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எங்கள் ஆசியைச் சொல். இங்கே எல்லோரும் சுகம். கத்திரி வெயில்தான் போட்டு வறுக்கிறது. சூடேறுகிறது என்று நீ எழுதிய உன் பைக்குக்கும் அதே கதி போலிருக்கிறது.

‘ரேடியேட்டருக்குப் புது ஃபேன் போடச் சொல்கிறார்கள், போடட்டுமா?’ என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்குப் போடாதே. உன் கடிதத்திலேயே ஒரு நல்ல தடயம் இருக்கிறது. சிக்னலில் நின்றால் சூடு ஏறுகிறது, பைபாஸில் போனால் தானாக இறங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். வண்டி ஐம்பது, அறுபதில் ஓடும்போது எஞ்சின் சூட்டைச் சுமந்து வரும் திரவத்தை, அதாவது கூலன்டை, ஆற்றும் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றே போதும், ஃபேனுக்கு அங்கே வேலையே இல்லை. நிற்கும்போது மட்டும் ஏறுகிறதென்றால் ஃபேனையோ அதை ஓட்டும் மின்சார வழியையோ சந்தேகிக்கலாம். எண்பதில் சீராகப் போகும்போதும் வெப்ப முள் ஏறினால் ஃபேன் நிரபராதி. அப்போது கூலன்ட் குறைவு, அடைத்த ரேடியேட்டர், சூடானதும் கூலன்டுக்கு வழிவிட வேண்டிய தெர்மோஸ்டாட் வால்வு திறக்காதது, வாட்டர் பம்ப் என்று தேட வேண்டும். கொல்லிமலை மாதிரி கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் ஏறும்போது வேகம் இல்லை, பாரம் மட்டும் முழுசாக இருக்கிறது. அங்கே சூடேறினால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியதுதான்.

அதற்கும் முன்னால் ஒன்று. இது உண்மையிலேயே ஓவர்ஹீட்தானா? உன்னுடையது மாதிரி லிக்விட் கூல்டு (கூலன்டால் குளிரும்) ஒற்றை சிலிண்டர் வண்டி ஓட்டத்தில் 80-லிருந்து 95 டிகிரிக்குள் இருக்கும். நெரிசலில் 100-ஐத் தாண்டுவது சகஜம். பெரும்பாலான வண்டிகளில் 100, 105 பக்கம் ஃபேன் சுற்ற ஆரம்பித்து, சில டிகிரி இறங்கியதும் நின்றுவிடும். ஃபேன் ஓடும்போது முழங்காலில் அனல் அடிக்கும். அது கோளாறு இல்லை, ரேடியேட்டர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். கால் சுடுகிறதே என்று வண்டியைப் பிரித்தவர்கள் ஏராளம். எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, ரேடியேட்டரோடு சேர்ந்த கூலன்ட் ரிசர்வ் டேங்க் கொப்பளித்து வழிந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

முதல் வேலையைக் காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது செய். ரிசர்வ் டேங்க் அளவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதே, ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார். கூலன்ட் கழுத்து வரை நிற்க வேண்டும். ரிசர்வில் நிறைய இருந்து ரேடியேட்டர் கழுத்து காலியாக இருந்தால் மூடியைச் சந்தேகி. அந்த மூடிக்குள் இரண்டு வால்வுகள் உண்டு. பெரிய ஸ்பிரிங் உள்ளது அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். நடுவில் இருக்கும் சின்னது, எஞ்சின் ஆறும்போது ரிசர்விலிருந்து கூலன்டைத் திரும்ப உள்ளே இழுக்கவிடும். சின்ன வால்வு ஒட்டிக்கொண்டால் போனது போனதுதான், திரும்பி வராது. ஆறிய பிறகு ரேடியேட்டரின் ரப்பர் ஹோஸ் சப்பிப்போயிருப்பது அதற்கு அடையாளம்.

மூடியின் மேல் 1.1 என்று அடித்திருந்தால், ‘பார்’ என்ற அலகில் 1.1 அழுத்தம். குக்கர் வெயிட் செய்கிற அதே வேலைதான். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107, 108 டிகிரியில் கொதித்துவிடும். அந்த அழுத்தத்தில் 125-ஐத் தாண்டும்வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் ஃபேன் எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் 108-லேயே கொதித்து வெளியே தள்ளும். ஃபேனோடு ஒப்பிட்டால் மூடியின் விலை அற்பம். சந்தேகம் வந்தாலே மாற்றிவிடு, ஆனால் அதே எண் போட்டதாக வாங்கு. சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியில் கை வைக்காதே. அழுத்தம் விட்ட அந்த நொடியில் உள்ளே இருப்பது ஆவியாக மாறி முகத்துக்கு வரும்.

கூலன்ட் குறைவுக்கும் ஃபேனுக்கும் இன்னொரு சம்பந்தம் இருக்கிறது, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். அளவு குறைந்தோ காற்று அடைத்தோ சென்சார் நுனி கூலன்ட் படாமல் நின்றால், எஞ்சின் கொதித்தாலும் வண்டியின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வுக்குச் சேதி போகாது, ஃபேனும் சுற்றாது. பார்ப்பவர்கள் ஃபேன் செத்துவிட்டது என்பார்கள்.

அளவு சரியாக இருந்தால் இனி ஃபேனுக்கு வா. ஃபேனின் இரண்டு ஒயர் கப்ளரை, அதாவது ஒயரை இணைக்கும் பிளக்கை, கழற்று. இறக்கையைக் கையால் சுற்றிப் பார். தடையில்லாமல் சுற்ற வேண்டும். மண்ணும் மழைத்தண்ணீரும் புகுந்து பேரிங் இறுகியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு 10 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த தனி ஒயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடு. ப்ளஸ் எது, மைனஸ் எது என்று ஒயர் நிறத்தைப் பார்த்துக் கொடு. பளிச்சென்று முழு வேகத்தில் ஓடினால் ஃபேன் நல்லது, பணம் மிச்சம். தட்டினால்தான் ஓடுகிறது என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்று ஓடும், நாளைக்கு நடுரோட்டில் நிற்கும். அப்போது மாற்றத்தான் வேண்டும்.

ஓடும்போதே ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பரைக் காட்டு. பேப்பர் ரேடியேட்டரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எதிர்த்துப் பறந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. யாராவது கப்ளரை வெட்டி ஒயரை முறுக்கி ஒட்டியிருந்தால் ப்ளஸ், மைனஸ் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும், காற்றும் வரும், ஆனால் பலவீனமாக, தப்பான திசையில் வரும். வண்டி நகரும்போது எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரிவதால் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கவே நாளாகும்.

நேரடியாகக் கொடுத்தால் ஓடுகிறது, வண்டியில் ஓடவில்லை என்றால் வரிசையாகப் போ. முதலில் ஃப்யூஸ். போயிருந்தால் அதே ஆம்பியரில் ஒன்று போடு. மறுபடியும் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது இறுகிய மோட்டார் கூடுதலாக இழுக்கிறது. 10 எரிகிறதே என்று 20 போடும் புத்திசாலித்தனம் வேண்டாம், அடுத்து ஒயரிங்தான் எரியும்.

அடுத்து ரிலே, ஈ.சி.யு.வின் கட்டளைக்கு ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச். பக்கத்திலேயே அதே எண்ணில் இன்னொரு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார், ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் ரிலேயைப் பிடுங்கி, அடியில் 85, 86 என்று போட்டிருக்கும் இரண்டு காலுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் அளந்து பார். 70-லிருந்து 120-க்குள் ஏதாவது காட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் உயிரோடு இருக்கிறது. சாக்கெட்டில் 30, 87 இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து சாவியைப் போடு. ஃபேன் ஓடினால் ஃப்யூஸ், ஒயர், எர்த் எல்லாம் சரி. மிச்சம் ரிலே அல்லது அதற்குக் கட்டளை கொடுக்கும் பக்கம்.

கட்டளை பக்கத்தைச் சோதிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. எஞ்சின் ஓடும்போது வெப்ப சென்சாரின் கப்ளரைக் கழற்று. பல வண்டிகளில் சென்சார் சேதி நின்றுபோனால் பாதுகாப்புக்காக ஈ.சி.யு. ஃபேனைத் தானே ஓடவிடும். அப்படி ஓடிவிட்டால் ஈ.சி.யு.வும் ரிலேயும் நல்லவை, குற்றவாளி சென்சார் அல்லது அதன் கப்ளரில் பிடித்த பச்சைத் துரு. செக் எஞ்சின் விளக்கு எரியும், பயப்படாதே, பிறகு அழித்துக்கொள்ளலாம். பழைய வண்டிகளில் சென்சாருக்குப் பதிலாக ரேடியேட்டரிலேயே இரண்டு ஒயர் சுவிட்ச் இருக்கும். அந்த இரண்டு ஒயரையும் சேர்த்தால் ஃபேன் ஓட வேண்டும், அவ்வளவுதான். சென்சாரைத் தனியாக அளப்பதானால், நம் ஊர் அறை வெப்பத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ ஓம் அளவிலும், 80 டிகிரி வெந்நீரில் 300 ஓம் பக்கமும் காட்டுவது வழக்கமான வகை. சூடேற ஏற ஓம் சீராகக் குறைய வேண்டும். நடுவில் குதித்தால் தூக்கிப்போடு.

ஃபேன் ஓடுகிறது, ஆனால் மெதுவாக ஓடுகிறது என்றால் வோல்ட்டைப் பார். ஃபேன் ஓடும்போதே பேட்டரி முனைகளில் ஓர் அளவு, ஃபேன் கப்ளரின் பின்பக்கம் ஊசி செருகி ஓர் அளவு. இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ துருப்பிடித்த இணைப்பு, பெரும்பாலும் எர்த் போல்ட். பேட்டரியிலேயே 12-க்குக் கீழ் இருந்தால் வேறு கதை. நீ போட்டிருக்கும் இரண்டு ஃபாக் லைட்டையும் அணைத்துவிட்டு மறுபடி அள. ஐடிலில், ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் நிற்கும்போது, வண்டி உற்பத்தி செய்யும் மின்சாரம் குறைவு. விளக்குகள் அதைத் தின்றால் ஃபேனுக்கு எச்சில் சோறுதான்.

கூலன்டை மாற்றும்படி ஆனால் ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் பிடிக்கும். சரியான அளவுக்கு உன் வண்டிக் கையேட்டைப் பார். கலந்தே வருவதை வாங்கினால் தண்ணீர் சேர்க்காதே. கெட்டியானதை வாங்கினால் பாதிக்குப் பாதி, அதுவும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். உங்கள் தெரு போர் தண்ணீரை ஊற்றினால் வெந்நீர் அண்டாவில் படிகிற அதே உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படியும். ஊற்றிய பிறகு காற்றை எடுப்பதுதான் முக்கியம். முன் சக்கரத்தை ஒரு பலகை மேல் ஏற்றி, மூடியைத் திறந்து வைத்து, மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைக் கையால் பிசைந்து விடு. குமிழி வருவது நிற்கட்டும். வாட்டர் பம்ப் மேலோ எஞ்சின் ஹெட் பக்கமோ காற்றை வெளியே விடும் ப்ளீட் ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலன்ட் கசியும்போது இறுக்கு. ஐடிலில் சில நிமிடம் ஓட்டினால் மட்டம் இறங்கும், நிரப்பி மூடு. ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை வண்டியை நிறுத்தாதே. மறுநாள் காலை ஆறிய பிறகு இன்னொரு முறை பார்த்தால் பெரும்பாலும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

உன் மெக்கானிக் சொன்ன இரண்டு யோசனைகளிலும் எனக்கு உடன்பாடில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது ஒன்று. அது இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் சூடாகவே நேரமாகும், அதுவரை ஈ.சி.யு. பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும், மைலேஜ் போகும், தேய்மானம் கூடும். அது கெட்டதா என்று தெரிய வேண்டுமா? நூலில் கட்டி வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரும் வைத்துப் பார். அதன் உடம்பில் அடித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பித்தால் நல்லது. ஹேண்டில்பாரில் ஃபேனுக்குத் தனி சுவிட்ச் போடுவது இரண்டாவது யோசனை. அவசரத்துக்கு ஓரிரு நாள் சரி. நிரந்தரமாகப் போட்டால் உண்மையான கோளாறு மறைந்துகொள்ளும். நெரிசலில் போட மறந்தால் கொதிக்கும், வீட்டில் அணைக்க மறந்தால் பேட்டரி இறங்கும்.

ரேடியேட்டர் முன்னால் வலை போட்டிருக்கிறாயே, அதன் பின்னால் பூச்சியும் சேறும் அடைத்திருக்கிறதா பார். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னைக் கிட்டே பிடிக்க விடாதே, அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். தோட்டக் குழாய்த் தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடித்தால் போதும். மடங்கிய தகட்டைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் பொறுமையாக நிமிர்த்து.

எல்லாம் சரியாக இருந்தும் கூலன்ட் குறைந்துகொண்டே போனால் வாட்டர் பம்புக்குக் கீழே உள்ள சின்ன ஓட்டையைப் பார். அங்கே சொட்டினால் பம்ப் சீல். வெளியே எங்கும் கசிவே இல்லை, ரிசர்வில் எஞ்சின் ஓட ஓடக் குமிழி வருகிறது, அல்லது ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கட், எஞ்சின் ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள சீல், போய்விட்டது. அப்புறம் வண்டியை ஓட்டாதே, டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோ.

வழியில் சூடேறினால் ஓரமாக நிறுத்து. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் எஞ்சினை மட்டும் கில் சுவிட்சில் அணைத்துவிட்டுச் சாவியை ஆனில் விடு. பல வண்டிகளில் ஃபேன் தொடர்ந்து ஓடும். எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, சூடான உலோகம் விரிசல் விடும். அரை மணி ஆறட்டும்.

தங்கச்சி ஓட்டும் ஸ்கூட்டரைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதில் ரேடியேட்டரே கிடையாது. எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டிலேயே பொருத்திய பிளாஸ்டிக் ஃபேன், சிலிண்டரைச் சுற்றிய உறைக்குள் காற்றைத் தள்ளுகிறது. சர்வீஸில் அந்த உறையின் ஸ்க்ரூ ஒன்றிரண்டு போடாமல் விட்டாலோ ஃபேன் இறக்கை உடைந்தாலோ சூடேறும். ஆயிலையும் அந்த உறையையும் பார்க்கச் சொல், அது போதும்.

இந்த ஞாயிறு மூன்று விஷயம் மட்டும் பார்த்து எழுது: ஆறிய ரேடியேட்டரின் கழுத்தில் கூலன்ட் மட்டம், நேரடியாகக் கொடுத்தபோது ஃபேன் ஓடியதா, ஓடினால் பேப்பர் எந்தப் பக்கம் போனது. மீட்டர் இல்லாவிட்டால் வாங்காதே, என்னிடம் இரண்டு இருக்கின்றன, ஒன்றை பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சு மேட்