தண்ணீரைக் கறுப்பாக்கிக் காட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குளிர்பானமும் பழச்சாறும் விற்கிற, வீட்டுக்கே வந்து குடிநீர் சுத்திகரிப்புக் கருவி மாட்டித் தருகிற நிறுவனங்களின் விளம்பரப் பிரிவினருக்கு,

வணக்கம். நீங்கள் விளம்பரம் செய்வதில் எங்களுக்கு வருத்தமில்லை. புதிய பொருள் வந்திருப்பதை யாராவது சொன்னால்தானே தெரியும்? பயமுறுத்தியோ மறைத்தோ விற்கிறீர்களே, அதுதான் பிரச்சினை.

சுத்திகரிப்புக் கருவி விற்கிறவர்களே, உங்கள் டெமோவையே எடுத்துக்கொள்வோம். ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் உங்கள் ஆர்ஓ தண்ணீர், அதாவது கரைந்த உப்பையும் வடிகட்டும் கருவியிலிருந்து வந்த தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, கறுத்து, மேலே அழுக்கு மிதக்கிறது. இதையா குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் எந்த வீட்டில்தான் பதறமாட்டார்கள்? ஆனால் அந்த அழுக்கில் பெரும்பகுதி உங்கள் இரும்புக் கம்பி கரைந்து வந்தது. தண்ணீரில் இயல்பாகவே கால்சியம், மக்னீசியம் போன்றவற்றின் உப்புகள் கரைந்திருக்கும். அவை இருந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும், கம்பி அரிக்கும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, நிறமும் மாறாது. நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே கம்பிகளை இறக்குங்கள். அதுவும் கலங்கும். பள்ளிக்கூட வேதியியல்தான், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

டிடிஎஸ் மீட்டர் கதையும் இதேதான். கரைந்திருக்கும் உப்பின் அளவைத்தான் அது தோராயமாகச் சொல்லும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 50 காட்டும் தண்ணீரில் கிருமி இருக்கலாம், 300 காட்டும் தண்ணீர் குடிக்க நன்றாகவே இருக்கலாம்.

சரி, நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும் வீட்டுக்கு ஆர்ஓ தேவைதான். அங்கே போய் விற்கும்போதாவது, வடிகட்டிய தண்ணீரைவிடக் கழிவாகப் போகும் தண்ணீர் அதிகமாக இருக்கலாம் என்று சொல்கிறீர்களா? உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பிரேனையும் ஃபில்டரையும் எப்போது மாற்ற வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்பதெல்லாம் கருவி மாட்டிய பிறகுதான் தெரியவருகிறது.

குளிர்பானக்காரர்கள் பயமுறுத்துவதில்லை, மறைக்கிறார்கள். 330 மில்லி கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. பெரியவர்களுக்கே நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். பழச்சாற்றில் இயல்பாக இருக்கும் சர்க்கரையும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று பெட்டியின் முகப்பில் பெரிதாகப் போடுவது பொய் இல்லை, ஆனால் நேர்மையும் இல்லை. அப்புறம், ஒரே மூச்சில் குடித்து முடிக்கிற பாட்டிலை இரண்டரைப் பேருக்கானது என்று கணக்குக் காட்டுவது யாருடைய யோசனையோ!

அடுத்த முறை ஆளை அனுப்பும்போது கம்பிகளை வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுத் தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்த அறிக்கையையும், மாற்ற வேண்டிய பாகங்களின் விலைப்பட்டியலையும் கொடுத்தனுப்புங்கள். வாங்குவதா வேண்டாமா என்று படித்துவிட்டுச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
லேபிளின் பின்பக்கத்தையும் படிக்கும் ஒரு வாடிக்கையாளர்