வேலூர் வீட்டுக்குச் சென்னைக் கணக்கு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சத்துவாச்சாரியில் அப்பா கட்டிய வீட்டில் போன வருடம் மாடியில் ஒரு ரூம் கட்டினோம். சொத்து வரி எவ்வளவு ஏறும் என்று பார்க்க, செல்போனில் இலவசமாகக் கிடைக்கிற வரி கால்குலேட்டர்கள் மூன்றில் ஒரே விவரத்தைப் போட்டேன். மூன்றும் மூன்று தொகை காட்டின. ஒன்றில் வேலூர் என்ற பெயரே கிடையாது, இன்னொன்று சென்னைக் கணக்கை வைத்துப் போட்டிருக்கிறது.

சென்னைக் கணக்கு நமக்கு ஒத்துவராது. 2022 ஏப்ரலில் வரியை உயர்த்தியபோது, வேலூர் போன்ற மற்ற மாநகராட்சிகளில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று ஏற்றினார்கள். சென்னையின் பழைய பகுதிகளில் இதே அளவுகளுக்கு 50, 75, 100, 150. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒருவர் அந்தத் தொகையை நம்பினால், இல்லாத வரிக்குப் பயந்து புரோக்கரிடம்தான் போய் நிற்பார்.

சதுர அடி விஷயம் இன்னும் முக்கியம். முன்பு அரையாண்டுக்கு 2,000 ரூபாய் கட்டிய வீடு 1,190 சதுர அடி என்றால் உயர்வுக்குப் பிறகு 3,000, அதுவே 1,210 என்றால் 3,500. இருபது அடிக்கு வருடம் 1,000 ரூபாய்! சுவரோடு சேர்த்து அளப்பதா, உள்ளளவா, போர்டிகோவும் மாடிப்படியும் சேருமா என்று நான் பார்த்த எந்தக் கால்குலேட்டரும் சொல்லவில்லை, 'பரப்பு' என்று ஒரு கட்டம் மட்டும் இருக்கிறது, அதில் நாம் குத்துமதிப்பாக ஒன்றைப் போட வேண்டியிருக்கிறது.

அப்புறம் சலுகைகள். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை குறையும், இதைக்கூட நான் பார்த்தவற்றில் ஒன்றுதான் கழித்துக் காட்டியது. நம் பக்கம் ஊருக்கு ஊர் ராணுவத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், கம்மவான்பேட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போரில் கணவரை இழந்தவர்களுக்கும் வீரதீர விருது பெற்றவர்களுக்கும் வீட்டு வரிச் சலுகை உண்டு, ஆனால் அது தானாகக் கழியாது, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்கு இது பல வருடம் தெரியாமலே போய்விட்டது. கால்குலேட்டரில் ஒரு கேள்வி, 'வீட்டில் படைவீரர் யாராவது உண்டா?' என்று இருந்திருந்தால் அவருக்கு அன்றே தெரிந்திருக்கும்.

இலவசக் கால்குலேட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் அதை மாநகராட்சியே தமிழில், தெருப் பெயரைப் போட்டால் மண்டலமும் சதுர அடிக்கான அடிப்படை மதிப்பும் வருகிற மாதிரி, கட்டட வகை, வயது, சொந்தக் குடியிருப்பா வாடகையா என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கூடுகிறது குறைகிறது என்று வரிவரியாகக் காட்டித் தர வேண்டும். செல்போன் இல்லாதவர்களுக்காக அதே பட்டியலை வரி வசூல் மையங்களின் சுவரிலும் ஒட்டலாம். அக்டோபர் அரையாண்டுக்கு முன்பே இதைச் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.