மண்டபச் சாவியைக் கொடுங்கள்: செந்தூல் ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர் செந்தூல் வட்டார ஆலயத் தலைவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கல்யாண மண்டபங்கள் வாரநாட்களில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கின்றன. பகல் ஒரு மணியிலிருந்து இரவு ஏழு வரை அவற்றை நம் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். வெள்ளிக்கிழமை பூசைக்குக் கூட்டம் வரும்; அன்று மட்டும் பின்னறை போதும்.

தமிழ்ப்பள்ளி ஒரு மணி வாக்கில் விட்டுவிடும். பாலர் வகுப்பு அதற்கும் முன்னாலேயே. அம்மா பேரங்காடியில் துப்புரவு வேலை, அப்பா லாரி ஓட்டுகிறார் என்றால் வீட்டுக்கு ஆள் வர ஏழாகிவிடும். எங்கள் அடுக்குமாடியில் தொடக்கப்பள்ளி இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை ஒருத்தி, கழுத்தில் வீட்டுச் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவாள். சீருடையைக்கூட மாற்றாமல் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துத் தம்பிக்கு மேகி கிளறுவாள். தம்பிக்கு நான்கு வயது. கட்டணம் கட்ட முடியாததால் பாலர் பள்ளிக்கு இன்னும் போகவில்லை. பகல் முழுக்கக் கைப்பேசிதான்.

ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்பதற்கு முன், கைக்குழந்தையை ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய்மார்கள் பால்வெட்டுக்குப் போனார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். துரைமார்கள் இரக்கப்பட்டு ஒன்றும் செய்யவில்லை; வேலைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் இருந்தார். தோட்டங்களைத் துண்டாடிய பிறகு பட்டணத்துக்கு வந்தோம். சாமியைக் கூடவே கொண்டுவந்தோம், கோயில் கட்டினோம். கொட்டகையை மட்டும் விட்டுவிட்டோம்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்ப்பள்ளிகளிலேயே பாலர் வகுப்பு உண்டு. ஆனால் ஒரு வகுப்பில் 25 பேருக்குத்தான் இடம். குழந்தைப் பராமரிப்புக் கட்டணத்துக்கு 3,000 ரிங்கிட் வரை வரிவிலக்கும் உண்டு. வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாதவர்களுக்கு அதனால் என்ன பயன்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு, 123 ஏழைப் பிள்ளைகளை நாற்பது வயதுக்கு மேலும் பின்தொடர்ந்தது. பாலர் பள்ளிக்குப் போனவர்கள் மற்றவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள். போலீஸில் பிடிபட்டதும் குறைவு. அங்கே ஆசிரியர்கள் வாரந்தோறும் வீட்டுக்கே போய்த் தாயிடம் பேசினார்கள். இங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப்போவது அதே பிளாக்கில் குடியிருக்கும் அக்காமார்கள்; வீட்டுக்குப் போய்ப் பேசுவது அவர்களுக்கு இன்னும் சுலபம்.

அப்புறம், தயவுசெய்து இதை இன்னொரு டியூஷன் வகுப்பாக்கிவிடாதீர்கள். காலையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளைக்கு முதலில் சோறு வேண்டும், கொஞ்சம் தூக்கம் வேண்டும். பிறகு வீட்டுப்பாடம். ஐந்து மணிக்குமேல் ஓடி விளையாடட்டும். சின்னதுகளுக்குக் கதையும் களிமண்ணும் போதும். அன்னதானத்துக்கு அண்டாவும் அடுப்பும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கிறிஸ்துவப் பிள்ளை வந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டபம் சந்நிதி இல்லையே.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குச் சம்பளம் கொடுங்கள். 'சேவை' என்று சொல்லி ஆரம்பிக்கும் வகுப்புகள் தீபாவளி வரை நடக்கும், தைப்பூசத்துக்குள் நின்றுவிடும். இதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். திறப்பு விழா, பொன்னாடை, மாதிரிக் காசோலை எதுவும் வேண்டாம். அந்தக் காசில் இரண்டு மாத அரிசி வாங்கலாம்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நால்வரோ அதற்கு மேலோ இருந்தால், 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். பராமரிப்பாளர்களுக்கு அடிப்படைப் பயிற்சியும் கட்டாயம். பாலர் பள்ளியாகவே நடத்துவதென்றால் கல்வி இலாகாவில் பதிவு வேண்டும். அதனால் முதலில் பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளோடு தொடங்குவோம். தீயணைப்பு இலாகாவை அழைத்து மண்டபத்தைக் காட்டிவிட்டு, சின்னதுகளை அடுத்த ஆண்டு சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து வரும் ஆண்டுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். ஒரே ஓர் ஆலயம் சரி என்றாலும் போதும். சமைக்கவும் பார்த்துக்கொள்ளவும் எங்கள் அடுக்குமாடியிலேயே பெண்கள் இருக்கிறார்கள். பெயர்களை எழுதிக்கொண்டு நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
செந்தூல் அடுக்குமாடிவாசி ஒருவர்