நிறுவனத்தின் இரகசியம் எது, ஊழியரின் திறன் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வணிக இரகசியங்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை தொழில் துறையில் வலுத்து வருகிறது. இந்தியச் சட்ட ஆணையமும் 2024 மார்ச்சில் அளித்த 289ஆவது அறிக்கையில் அதற்கான வரைவு மசோதாவை முன்வைத்துள்ளது. பம்புசெட் தயாரிப்பில், வடிவமைப்புப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் அதன் தேவையை நான் மறுக்கவில்லை. பல ஆண்டு சோதனைக்குப் பின் இறுதியான ஓர் இம்பெல்லர் (பம்பில் சுழன்று நீரைத் தள்ளும் பாகம்) டிராயிங்கை, வேலையை விட்டுப் போகிறவர் பென் டிரைவில் எடுத்துச் சென்று போட்டி நிறுவனத்திடம் கொடுத்தால் அது திருட்டுதான். ஆனால் அந்த டிராயிங்கை வரையப் பழகிய கையும் கண்ணும் அவருடையவை. இந்த வேறுபாட்டை நம் வேலை ஒப்பந்தங்கள் தெரிந்தே அழிக்கின்றன என்பதுதான் என் குற்றச்சாட்டு.

படிப்பை முடித்து வரும் இளைஞருக்குத் தரப்படும் ஆஃபர் லெட்டரைப் பலர் முழுதாகப் படிப்பதில்லை. வேலையை விட்ட பிறகு ஓராண்டோ இரண்டாண்டோ அதே தொழிலில் உள்ள வேறு நிறுவனத்தில் சேரக்கூடாது என்றும், பணியில் இருக்கும் காலத்தில் விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்து எழுதும் கணினி நிரல்கூட நிறுவனத்துக்கே சொந்தம் என்றும் அதில் இருக்கும். சில இடங்களில் அசல் சான்றிதழ்களையும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆவது பிரிவில், ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. பணியில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு வேறு: ஐந்தாண்டு வேலை செய்ய ஒப்புக்கொண்டுவிட்டு, இடையில் போட்டி ஆலைக்குச் சென்ற ஒருவரைத் தடுக்கும் ஆணையை உச்ச நீதிமன்றம் 1967இல் உறுதி செய்தது, அது நியாயமும்கூட. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் நீளும் தடை செல்லாது என்பதை, கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம் 2006இல் மீண்டும் கூறியது. இவ்வளவும் நிறுவனங்களின் சட்டப் பிரிவுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் எழுதுகிறார்கள் என்றால், வீட்டின் முதல் பட்டதாரியாக வேலைக்கு வந்தவர் வழக்கறிஞரைத் தேடிப் போகமாட்டார், பணியிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் கிடைக்காதோ என்று அஞ்சி அடங்கிவிடுவார் என்ற கணக்குதான் காரணம். நீதிமன்றத்தில் நிற்காத நிபந்தனைக்குக் கையெழுத்து வாங்கி, அந்த அச்சத்தை வைத்து ஆளை நிறுத்திக்கொள்வது நேர்மையான வணிகம் அல்ல.

குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் தர வேண்டும் என்று எழுதி வாங்கும் பாண்டுகளை நான் முழுவதுமாக எதிர்க்கவில்லை. மூன்றாண்டு முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை, ஆட்சேர்ப்புச் செலவைக் கருத்தில் கொண்டு, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. உண்மையான பயிற்சிச் செலவைக் கேட்பது முறை. மூன்று வார வகுப்புக்கு ஓராண்டுச் சம்பளத்தைக் கேட்பது முறையல்ல.

ஊழியர் உருவாக்கித் தருவதற்கு அவருக்கு என்ன கிடைக்கிறது என்ற மறுபக்கத்தைப் பற்றி இங்கே யாரும் பேசுவதே இல்லை. பணியின் பகுதியாக எழுதப்படும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. காப்புரிமைச் சட்டத்திலோ கண்டுபிடித்த ஊழியரின் பெயரைக் குறிப்பிட வழி உண்டு. ஆனால் அவருக்கு ஊதியத்துக்கு மேல் ஏதும் தர வேண்டும் என்ற விதி இல்லை. ஜெர்மனியில் 1957 முதலே இதற்குத் தனிச் சட்டம் உள்ளது. ஊழியரின் கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்ளும் நிறுவனம் அவருக்கு நியாயமான ஈட்டுத்தொகை தந்தாக வேண்டும். ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் நீல எல்இடியை உருவாக்கிய ஷுஜி நகமுராவுக்கு முதலில் கிடைத்த வெகுமதி 20,000 யென். 2004இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் தரச் சொன்னது. மறு ஆண்டு மேல் நீதிமன்றத்தில் ஏறத்தாழ 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஏற்பட்டது. 2014இல் அதே கண்டுபிடிப்புக்காக அவர் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அத்தகைய ஒருவர் நம் ஊரில் இருந்திருந்தால் வழக்குத் தொடரவே அவருக்குச் சட்டத்தில் இடம் இருந்திருக்காது.

கோவையின் தொழில் வளர்ச்சியையும் இங்கே நினைவுகூர வேண்டும். மில்லிலும் பவுண்டரியிலும் வேலை கற்றவர்கள் வெளியே வந்து ஒரு லேத்தோடு பட்டறை தொடங்கியதால் பெருகிய ஊர் இது. இன்றைய ஒப்பந்தங்கள் அன்று இருந்து, அவற்றுக்கு எல்லோரும் அஞ்சியும் இருந்தால், அந்தப் பட்டறைகளில் பாதி தோன்றியிருக்காது. அப்படி வளர்ந்தவர்களின் நிறுவனங்களிலேயே இன்று இந்த நிபந்தனைகளைக் காணும்போது மனம் கசக்கிறது.

வரவிருக்கும் சட்டம், பணியில் இயல்பாகப் பெறும் அனுபவமும் திறனும் வணிக இரகசியம் ஆகாது என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும். ஊழியரின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றுப் பொருள் ஈட்டும் நிறுவனம், அதில் அவருக்கு ஒரு பங்கு தரும் விதியும் வேண்டும். பூட்டி வைத்திருக்கும் அசல் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்க மட்டும் எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை. தொழில் அமைப்புகள் தம் உறுப்பினர்களிடம் அதை இந்த மாதமே வலியுறுத்தலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வடிவமைப்பாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.