மூன்றாம் தரப்பு நீர் எந்த ஆற்று நீர்?

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையிலும் தாமிரபரணிப் படுகையின் மற்ற இடங்களிலும் ஆலை நடத்தும் நிறுவனங்களின் இயக்குநர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணியில் பிரியும் கோடகன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவன் எழுதுகிறேன்.

பங்குச் சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் உள்ள நிறுவனங்கள் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தரவேண்டும் என்று 2022-23 நிதியாண்டிலிருந்து பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியது. நல்ல காரியம்தான். அதில் தண்ணீர் எடுத்த கணக்குக்கு ஓர் அட்டவணை உண்டு: மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர், மூன்றாம் தரப்பு நீர், கடல் நீர், பிற. எல்லாம் கிலோலிட்டரில். சிப்காட் குழாயில் நீங்கள் வாங்குவது மூன்றாம் தரப்பு வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். லாரித் தண்ணீருக்கும் அதே வரிசைதான். சிப்காட்டுக்குத் தண்ணீர் வருவது தாமிரபரணியிலிருந்து. அறிக்கையைப் புரட்டும் மும்பை முதலீட்டாளருக்கு அந்த ஆற்றின் பெயரே கண்ணில் படாது. மேற்பரப்பு நீர்க் கட்டத்தில் வெறும் கோடு கிழித்திருந்தாலும் படிவத்தின்படி அது சரியான பதில்!

போதாததற்கு, அந்த எண் எல்லா ஆலைகளுக்கும் சேர்த்து, வருஷத்துக்கு ஒன்று. ஐப்பசியில் ஆறு கரைபுரளும்போது எடுப்பதும், வைகாசியில் பாபநாசம் அணை வற்றிக் கிடக்கும்போது எடுப்பதும் ஒன்றா? கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று நாங்கள் அணை மட்டத்தைப் பார்த்துக் கிடப்பது அந்த நாட்களில்தான்.

தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள பகுதி ஆலைகளைத் தனித்தனியே காட்டவும் படிவத்தில் இடம் இருக்கிறது. விரும்பினால் நிரப்பலாம் என்ற பகுதியில். ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை வண்ணச் சதுரங்களாக அச்சடிக்கச் சொல்லியும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை; அதைப் பலரும் விரும்பிச் செய்கிறீர்கள்.

நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி சமூகப் பொறுப்புக்கென ஒதுக்கும் லாபத்தின் 2 சதவீதத்தில் பள்ளிக்குக் கழிப்பறை, ஊருக்கு மரக்கன்று என்று செய்வதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கொடுத்த கணக்கு. எடுத்த கணக்கைக் கேட்கிறேன்.

எந்த ஆற்றுத் தண்ணீர், எந்த மாதம் எவ்வளவு, கழிவுநீர் எங்கே போனது என்று ஆலைவாரியாக, தமிழில், ஒரே ஒரு தாளில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். மீட்டர் கணக்கு உங்களிடம் இருக்கும். முதல் 1000க்குள் வராத நிறுவனங்களும் இதைச் செய்யத் தடையில்லை. மே 1 கிராமசபைக்கு முன்னால் வந்தால் நல்லது. கார் பேச்சு அப்போதுதான் தொடங்கும்.

இப்படிக்கு,
ஒரு பாசன விவசாயி, திருநெல்வேலி