போட்டோ தொலைந்த கதை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மஞ்சள் பையில் மூலப்பத்திரத்தையும் பழைய ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு நம் கும்பகோணம் கடைப் படியேறும் உங்களுக்கு என்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். "அந்த ஸ்கேன் கடையில் கொடுத்தேன், கல்யாண போட்டோ எல்லாம் போச்சு" என்று ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். படிக்கிறவர் ஆல்பத்தையே நாங்கள் தொலைத்துவிட்டதாகத்தானே நினைப்பார்? ஆல்பம் அதை எழுதிய அம்மாவின் பீரோவில் இருக்கிறது.

நடந்தது இதுதான். 412 படங்களை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, பென்டிரைவில் போட்டு, அவர் எதிரிலேயே திறந்து காட்டிக் கொடுத்தோம். வீட்டில் அவர் மகன் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதாக நினைத்து டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட்டை மட்டும் வைத்திருக்கிறார். ஐகானின் இடது மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும், பாருங்கள், அதுதான் ஷார்ட்கட். அதற்குள் படம் கிடையாது, படம் இருக்கிற இடத்தின் விலாசம் மட்டும்தான். சைஸ் பார்த்தால் ஒன்றிரண்டு கேபி. ஸ்கேன் செய்த ஒரு படமே சில எம்பி, அதாவது சில ஆயிரம் கேபி வரும். பென்டிரைவ் சொருகியிருந்தவரை படம் திறந்தது. அப்புறம் பென்டிரைவை பார்மட் அடித்துக் காலி செய்து, காரில் கேட்கப் பாட்டு ஏற்றிவிட்டார்கள். பார்மட்டோடு விட்டிருந்தால்கூடப் பெரும்பாலும் மீட்டிருக்கலாம். பாட்டு ஏறிய இடத்தில் இருந்த படம் திரும்பாது. இரண்டு நாள் உட்கார்ந்து 97 படங்களை மீட்டுக் காசு வாங்காமல் கொடுத்தேன். அதை யாரும் வாட்ஸ்அப்பில் போடவில்லை. (நம் கடை கம்ப்யூட்டரில் இருந்த நகலும் டிஸ்க் கோளாறில் போயிருந்தது, அது வேறு விஷயம்.) மிச்சத்தை இலவசமாக மறுபடி ஸ்கேன் செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் வரவில்லை.

அடுத்து, படங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த நம் தங்கச்சி கல்யாணமாகிக் கோவை போய்விட்டார். '1987-06-14 சின்ன மாமா கல்யாணம்' என்று வருஷத்தை முதலில் போட்டு அவர் அடித்துவைப்பார்; கம்ப்யூட்டர் தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். வெறும் 'ஸ்கேன்0001' என்று கிடக்கும் ஆயிரம் படத்தில் பாட்டியை எங்கே தேடுவீர்கள்? இனி நீங்களே ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் நான் அடித்துத் தருகிறேன். படத்துக்கு 5 ரூபாய் இனி 8 ரூபாய். பென்டிரைவ், டிஸ்க் விலையெல்லாம் நீங்களே பார்க்கிறீர்கள்.

ஒரு பென்டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொரு நகல் ஹார்ட் டிஸ்கில், மற்றொன்று வெளியூரில் இருக்கும் மகள் வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், போட்டோவாகப் போனால் சுருக்கிவிடும்.

இந்த வாரம்கூட அந்தச் செய்தியைப் படித்துவிட்டும் தாத்தாவின் ஒரே படத்தை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. படம் தயார். ஞாயிறு மதியம் கடை கிடையாது, அதற்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்கேன் கடைக்காரர்