சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்கு

மயிலாடுதுறை
புரட்டாசி 22

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பியிருந்ததை அம்மா படித்துக் காட்டினாள். ஹரித்வார், தேவப்பிரயாகை, அலகாபாத், காசி என்று பத்து நாள். கடைசியில் ‘தனியாத்தான் போறேன், கவலைப்படாதீங்க’ என்று ஒரு வரி. கவலைப்படவில்லை. ஜெர்மனியில் ஆறு மாதம் தனியாக இருந்துவிட்டு வந்தவளுக்கு ஹரித்வார் போகத் தெரியாதா? போனில் பேசினால் ‘சரிப்பா, வைக்கட்டுமா’ என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தண்ணீர் விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் பாசனப் பிரிவில் ஷட்டரும் மதகுமாக இருந்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் ஹரித்வார். ஹர் கி பௌரியில் நீ இறங்கப்போவது ஆற்றின் முழு ஓட்டத்தில் இல்லை. பீம்கோடாவில் தடுத்து ஒரு பக்கமாகத் திருப்பிவிட்ட தண்ணீர் அது. அதுதான் கீழே மேல் கங்கைக் கால்வாயாகப் போகிறது. காட்லி என்ற வெள்ளைக்காரர் வெட்டி 1854இல் திறந்தது. எங்கள் ஆபீசில் பெரியவர்கள் கல்லணையைப் பற்றிப் பேசி முடித்தால் அடுத்து அந்தக் கால்வாயைப் பற்றித்தான் பேசுவார்கள். தசராவிலிருந்து தீபாவளி வரை கால்வாயைச் சுத்தம் செய்ய மூடுவது வழக்கம். அதனால் நீ போகும்போது படித்துறையில் தண்ணீர் இறங்கியிருக்கும். அதைப் பார்த்து இவ்வளவுதானா என்று நினைத்துவிடாதே. திறந்துவிட்டால் முழங்கால் ஆழத்திலேயே ஆளைப் புரட்டிவிடும். நாங்கள் 2011இல் போனபோது முழுத் தண்ணீர். படியோரம் இரும்புச் சங்கிலி கட்டியிருந்தார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டாள். மூன்றாவதில் அவள் கால் படியை விட்டு மேலே மிதந்ததை நான் பார்த்தேன். நீ சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. இரண்டு கையாலும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளத் தோன்றும். ஒரு கையால் ஊற்றிக்கொண்டால் போதும், இன்னொன்று சங்கிலியில் இருக்கட்டும்.

தேவப்பிரயாகைக்கு நான் போனதில்லை. மலைச்சரிவு என்று சொல்லி வண்டிக்காரர் ரிஷிகேஷோடு திருப்பிவிட்டார், அது எனக்கு இன்றைக்கும் குறைதான். பாகீரதியும் அலக்நந்தாவும் அங்கே சேர்ந்த பிறகுதான் கங்கை என்ற பெயரே வருகிறது. இரண்டு ஆறும் இரண்டு நிறமாகக் கொஞ்ச தூரம் கலக்காமல் ஓடுமாம். மேலே ரகுநாதர் கோயில், பெரியாழ்வார் கண்டமென்னும் கடிநகர் என்று பாடிய இடம். பாட்டி பார்க்க ஆசைப்பட்டு முடியாமல் போன திவ்யதேசம். அவளுக்காகவும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வா.

ஆனால் அங்கேதான் நீ ரொம்பக் கவனமாக இருக்கவேண்டும். பாகீரதியில் மேலே டெஹ்ரி அணை இருக்கிறது, 260 மீட்டர் உயரம். மின்சாரம் தேவைப்படும் நேரத்தில் தண்ணீர் விடுவார்கள். வானம் வெளுத்திருக்கும், ஒரு சொட்டு மழை இருக்காது, தண்ணீர் மட்டும் ஏறும். நீ உட்கார்ந்திருந்த பாறை சற்று நேரத்தில் உள்ளே போய்விடும். பாறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்காதே. யோசிக்க ஆரம்பித்தால் உனக்குச் சுற்றி நடப்பது தெரியாது, அது சின்ன வயதிலிருந்து உள்ள பழக்கம். எழுந்து சங்கிலி இருக்கிற படிக்கு வந்துவிடு.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. விளமல் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாடி அறையில் ஒழுகல் நின்றுவிட்டது. உன் புத்தகங்களை அம்மா வெயிலில் காயவைத்து அடுக்கிவிட்டாள். ஹாலில் அந்தப் புஷ்கரத்துப் படம் அப்படியே மாட்டியிருக்கிறது. 2017, காவிரியில் தண்ணீர் இல்லாமல் துலாக்கட்டத்தில் ஆற்றுக்குள்ளேயே தொட்டி கட்டி நிரப்பினார்களே, அந்த வருஷம். முழங்கால் தண்ணீரில் நாம் நாலு பேரும் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறோம். அதை எடுத்துவிடவா என்று அம்மா கேட்டாள். நான் பேப்பர் படிப்பதுபோல இருந்துவிட்டேன்.

பொங்கலுக்கு நீ வரவில்லை. ஆடிப்பெருக்குக்கும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். கங்கைக்குப் பத்து நாள் கிடைத்திருக்கிறது, சந்தோஷம்தான். ஐப்பசியில் கங்கையே தன்மேல் சேர்ந்த பாவத்தைக் கழுவ இங்கே துலாக்கட்டத்துக்கு வருகிறாள் என்று பாட்டி சொல்வாளே, அவள் இங்கே வருகிற மாதமாகப் பார்த்து நீ அங்கே போகிறாய். இப்படி எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நான் கட்டிய வீட்டில் ஒழுகலை நான் கண்டுபிடிக்க முடியாமல், நீ போனில் கேட்டுக்கேட்டு இந்தச் சுவர்தான் என்று சொன்னாயே, அதை நேற்றுகூட பால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அலகாபாத்தில் படகில்தான் சங்கமத்துக்குப் போகவேண்டும். கங்கை வெளிறிய பழுப்பு, யமுனை பச்சை. கங்கையில் ஆழம் குறைவு, இழுப்பு அதிகம். யமுனை அமைதியாகத் தெரியும், ஆழம் அதிகம். படகிலிருந்து நேராகக் குதிக்கச் சொன்னால் குதிக்காதே. படகுகளைச் சேர்த்துப் பலகை போட்டிருப்பார்கள், கயிறு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு இறங்கு.

அங்கே வேணிதானம் என்று ஒன்று உண்டு. புருஷன் பெண்டாட்டிக்குத் தலைவாரிப் பின்னி, நுனியைக் கத்தரித்து, சங்கமத்தில் விடவேண்டும். நானும் செய்தேன். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அன்றைக்குத்தான் அம்மாவின் முடியைக் கையில் எடுத்தேன். மூன்று காலாகப் பிரிக்கவே வரவில்லை. எதிரே இருந்தவரைப் பார்த்துப் பார்த்துப் பின்னினேன். ‘வலிக்குதா’ என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொடுத்தாள். கத்தரித்த நுனி இரண்டு விரல் நீளம் இருக்கும், பாதி நரை. மஞ்சள் குங்குமத்தோடு தண்ணீரில் விட்டேன். மிதக்கவில்லை, நேராகக் கீழே போய்விட்டது. அதுதான் இந்த இடத்தின் மகிமை என்றார்கள்.

உன்னிடமும் கேட்பார்கள். பெண் தனியாக வந்தால் கேட்காமல் விடமாட்டார்கள். இந்தியில் அவர்கள் கேட்பார்கள், நம்மூர் யாத்திரை பஸ்ஸில் வந்தவர்கள் தமிழிலேயே கேட்பார்கள், வீட்டுக்காரர் எங்கே என்று. யாருக்கும் நீ பதில் சொல்லவேண்டியதில்லை. எனக்கும் சொல்லவேண்டாம்.

காசியில் பயமில்லை. அனுமன் காட், கேதார் காட் பக்கம் போனால் தமிழ் காதில் விழும். அனுமன் காட்டில்தான் பாரதி இருந்த வீடு, அப்பா போனபிறகு அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்த பையன். கேதார் காட்டில் குமாரசாமி மடம். கங்கை அங்கே வடக்கே பார்த்து ஓடுகிறாள். படித்துறைகள் எல்லாம் கிழக்கே பார்த்தவை. விடியும்போது படியில் உட்கார்ந்துவிடு. குளிக்கலாம், தண்ணீரை வாயில் மட்டும் ஊற்றிக்கொள்ளாதே. பக்தி என்பது வேறு, சாக்கடை கலப்பது வேறு. தீபாவளியை ஒட்டிச் சில நாள்தான் தங்க அன்னபூரணி தரிசனம் கிடைக்கும், அதை விட்டுவிடாதே என்று அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். படிகளில் பாசி இருக்கும், பார்த்து.

கயா உன் திட்டத்தில் இல்லை. நாங்கள் போனோம். அட்சய வடத்தடியில் ஒரு காய், ஒரு கனி விட்டுவிட்டு வரவேண்டும் என்றார்கள். நான் பலாப்பழத்தை விட்டேன், அது எல்லோருக்கும் தெரியும். வேறொன்றை இறக்கிவைத்துவிட்டு வரவேண்டும் என்றுதான் அன்றைக்கு அவ்வளவு தூரம் போனேன். பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். வாய் வரவில்லை.

இப்போது எழுதிவிடுகிறேன்.

ஐப்பசிக் கடைசி நாள், துலாக்கட்டத்துக் கடைமுழுக்கு அன்று நடந்தது உனக்குத் தெரியும். அதாவது நாங்கள் சொல்லிச்சொல்லி உனக்குத் தெரிந்தது. நீ இரண்டாம் வகுப்பு. பச்சைப் பாவாடை. மழையும் சேர்ந்து ஆற்றில் முழுத் தண்ணீர், நடுவில் நந்தி மண்டபத்தைச் சுற்றி நுரை. எவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று முந்தின நாள் ரிஜிஸ்டரில் எழுதியவனே நான்தான். ‘அப்பா கையை விட்டுட்டு ஓடினா, ஆத்துல போயிட்டா, பூக்காரம்மா பாவாடையைப் பிடிச்சு இழுத்தா’ என்று பாட்டி சாகும்வரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! நீயே உன் தோழிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நீ விடவில்லை பாப்பா. உன் தாத்தா என் கல்யாணத்துக்குப் போட்ட ஹெச்எம்டி வாட்ச் என் இடது கையில் இருந்தது. மூன்றாவது படியில் இறங்கும்போது அதன் பட்டையில் பின் கழன்று நழுவியது. வலது கையால் சட்டென்று பிடித்துவிட்டேன். வலது கையில்தான் நீ இருந்தாய்.

வாட்ச் கிடைத்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் நீ நாலு படி தள்ளித் தண்ணீருக்குள் இருந்தாய், பாவாடை மட்டும் மேலே. பூக்காரம்மாதான் கூடையைப் போட்டுவிட்டு இறங்கினாள். உன்னை என்னிடம் கொடுத்தபோது வாட்சைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு உன்னை அடித்தேன். அத்தனை பேர் நடுவில், ‘ஏன் கையை விட்டே’ என்று கேட்டு அடித்தேன். நீ இருமிக்கொண்டே, ‘தெரியாம விட்டுட்டேம்பா’ என்றாய். ஏழு வயதுப் பிள்ளை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாய். நான் அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

அந்த வாட்ச் பீரோவில் இருக்கிறது. ஓடவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். சாவி கொடுத்தால் ஓடும். மறுநாள் கார்த்திகை ஒன்றாம் தேதி, உனக்குக் காய்ச்சல், நான் மட்டும் முடவன் முழுக்குக்குப் போனேன். ஒரு நாள் தாமதமாக வந்தவனுக்கும் பலன் உண்டு என்ற நாள். படியில் நின்றேன், இறங்கவில்லை. அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் ஒரு கடைமுழுக்குக்கும் நான் துலாக்கட்டத்தில் இறங்கியதில்லை. மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதைச் சொல்லாமலே இருந்திருப்பேன். போன வருஷம் ஆவணியில், நீ அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன் என்று போனில் சொன்னாயே, அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ‘சின்ன வயசுலேயே கையை விட்டவதானே நீ’ என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், ‘ஆமாம்பா’ என்றாய். துலாக்கட்டத்தில் கேட்ட அதே குரல். போனை வைத்தது நீ என்று அம்மாவிடம் சொன்னேன். வைத்தது நான்.

அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை. அவர் என்ன செய்தார், நீ எத்தனை நாள் பொறுத்துக்கொண்டாய், ஒன்றும் கேட்கவில்லை. நீதான் விட்டிருப்பாய் என்று எடுத்துக்கொண்டேன். முதல் தடவை அப்படிச் சொல்லித்தானே தப்பித்தேன்.

அம்மாவிடம் நேற்று ராத்திரி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்துபோய்க் கொடியில் இருந்த துணியை எடுத்துக்கொண்டு வந்தாள், எல்லாவற்றையும் மடித்து வைத்தாள். காலையில் காப்பி கொடுக்கும்போது, ‘அவளுக்கு எழுதிட்டீங்களா’ என்று மட்டும் கேட்டாள்.

தீபாவளியன்று நீ காசியில் இருப்பாய். வருஷா வருஷம் காலை ஐந்து மணிக்குப் போன் செய்து கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்பேன். நீ பூனாவில் வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு ‘ஆச்சுப்பா’ என்பாய். போன வருஷம் நீ எடுக்கவில்லை. இந்த வருஷமும் ஐந்து மணிக்கு அடிப்பேன். எடுக்கத் தோன்றவில்லை என்றால் எடுக்கவேண்டாம். குளித்துவிட்டுக் கரையேறியதும் ஒரு மிஸ்டு கால் கொடு, தெரிந்துகொள்வேன்.

பச்சை ஸ்வெட்டரை கூரியரில் அனுப்பியிருக்கிறேன், மலையில் ராத்திரி குளிரும். இருட்டோடு தனியாக ஆற்றுக்குப் போகவேண்டாம், வெளிச்சம் வரட்டும். பாசி இருந்தால் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கு. சங்கிலி இல்லாத படி என்றால் இறங்கவே வேண்டாம், சொம்பில் மொண்டு மேலே உட்கார்ந்து ஊற்றிக்கொள்.

அப்பா